பாரமும் உரிமையும்

நாற்பதைக் கடந்தவன் பாரம் தூக்கலாமா? தூக்கத்தான் வேண்டும் என்கிறது மருத்துவம். நடுவயதில் தசை மெல்லத் தேய்கிறது. வாரத்தில் 2 நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வலியுறுத்தியது. விதிகளும் எளியவை: சிறு எடையில் தொடங்கு, மூச்சை அடக்காதே, முதுகை வளைக்காதே, வலித்தால் நிறுத்து, ஒருநாள் ஓய்ந்து மறுபடி தூக்கு.

இவ்விதிகளைத் திகனக் கடைத்தெருவில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும் ஐம்பது வயதுத் தொழிலாளியிடம் சொல்லிப் பாருங்கள். சுமையின் அளவைச் சாக்கு தீர்மானிக்கிறது. ஓய்வின் அளவை லொறி தீர்மானிக்கிறது. வலித்தால் அவனும் நிறுத்தலாம்; அன்றைய கூலியும் உடன் நின்றுவிடும்.

ஒரே எடைதான். ஒருவனுக்கு அது ஆரோக்கியம்; மற்றவனுக்குத் தேய்மானம். இவ்விருவரையும் பிரிப்பது பாரத்தைக் கீழே வைக்கும் உரிமையே. ஒரு வளர்ந்த ஆண் சுமக்க அனுமதிக்கப்படும் எடை 55 கிலோவைத் தாண்டுமாயின் அதை விரைந்து குறைக்க வேண்டுமென 1967இலேயே சர்வதேச தொழில் ஸ்தாபனம் பரிந்துரைத்தது. அவ்வுரிமைக்கு அது ஒரு தொடக்கம்.

பாதுகாப்பாகத் தூக்கக் கற்பிப்பது நன்று. இறக்கிவைத்தவன் பட்டினி கிடவாத நிலையைப் படைப்பது அதனினும் பெரிய கடமை. அக்கடமை சமுதாயம் முழுவதும் சேர்ந்து தூக்கவேண்டிய பாரம்.