நிலுவையில் இருக்கும் செக்டார்கள்

பழுதாகத் தொடங்கிய ஹார்டு டிஸ்க் முதலில் தாமதிக்கிறது. ஒரு போட்டோவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு எதுவுமே நடக்காததுபோலப் படம் வந்துவிடும். "சிஸ்டம் ஸ்லோ ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தாமதத்துக்குள் பெரிய உழைப்பு நடக்கிறது. படிக்க முடியாத ஒரு செக்டாரை, அதாவது தட்டில் தகவல் எழுதப்படும் ஒரு சிறு துண்டை, டிஸ்க் விடாமல் படித்துப் பார்க்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120 சுற்று. அந்த இடம் தட்டைப் படிக்கும் தலைக்கு அடியில் வரும்போதெல்லாம் இன்னொரு முயற்சி. பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ராய்டு அமைப்புக்கென்று செய்தவை சுமார் 7 விநாடியில் கைவிட்டுவிடும். அதே தகவலைக் கொடுக்க அங்கே பக்கத்து டிஸ்க்குகள் உண்டு. வீட்டு டிஸ்க் தனி ஆள். அதனால்தான் அவ்வளவு நேரம் முயல்கிறது. அதைக் கோபித்துக்கொண்டு ரீசெட் பட்டனை அழுத்துகிறோம்.

*

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி வைத்திருப்பவர்கள் தறிச் சத்தத்துக்குள்ளேயே தூங்குவார்கள். ஒரு தறியின் ஓசை மாறினால் விழித்துக்கொள்வார்கள். டிஸ்க்கையும் ஓரளவு அப்படிக் கேட்கலாம். சீரான இடைவெளியில் 'டக்... டக்' என்று வந்தால், தலை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்த் திரும்புகிறது என்று பொருள். அப்போது சோதனை எதுவும் கூடாது. உடனே பவரை நிறுத்த வேண்டும். தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய தலை அது. தட்டைத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றும் பூச்சைச் சுரண்டும். அதற்கு மேல் தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனங்களின் வேலை.

சத்தத்தை மட்டும் நம்பவும் முடியாது. இந்தப் பக்கத்து வீடுகளில் தறிப் பஞ்சும் கோழிப்பண்ணைத் தூசியும் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் விசிறியில் அடைந்துவிடுகின்றன. 12 வோல்ட் லைன் தளர்ந்தால் நல்ல டிஸ்க்கும் வேகம் குறைந்து, நின்று, மறுபடி கிளம்பும். மாலையில் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் மட்டும் கோளாறு வந்தால் என் முதல் சந்தேகம் பவர் மீதுதான். 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில் யுபிஎஸ் இல்லாத கணினிகள் வேலைக்கு நடுவே அணைந்துகொண்டே இருந்தன. கரண்ட் போன கணத்தில், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்துத் தலையை ஒதுக்கிக்கொள்ள டிஸ்க்குக்குத் தெரியும். எழுதக் காத்திருந்த தகவலை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது.

*

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம். நான் பார்ப்பது 5, 197, 199 ஆகிய வரிசைகள். சில மென்பொருள்களில் இவை 05, சி5, சி7 என்று இருக்கும். 199 ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் கணக்கு.

197இல்தான் நான் நெடுநேரம் நிற்பேன். படிக்க முடியாதவை, ஆனால் இன்னும் கைவிடப்படாதவை அங்கே இருக்கின்றன. மாற்று இடம் கொடுத்துவிட்டால் பழைய தகவல் போனதுதான். ஆகவே டிஸ்க் அவற்றை நிலுவையில் வைத்துக் காத்திருக்கிறது. அடுத்த முறையாவது படித்துவிட்டால் நல்லது. இல்லையென்றால், அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்போதுதான் முடிவெடுக்கும்.

"பார்மேட் அடிச்சா சரியாயிரும்" என்கிற யோசனை எனக்குப் பொறுக்காமல் போவது இதனால்தான். முழு பார்மேட் எல்லா இடத்திலும் எழுதும். 197 பூஜ்யமாகும். டிஸ்க் நலமாகிவிட்டதுபோலத் தெரியும். அங்கே இருந்த குழந்தையின் மொட்டை போட்டோ இனி எங்கும் இல்லை. செக்டிஸ்க் ஓட்டுவதும் இந்த நேரத்தில் ஆபத்து. கோப்புகளின் அட்டவணையைச் சீராக்குவது அதன் வேலை. அதற்காகத் தளர்ந்த டிஸ்க்கின் மேலேயே எழுதவும் செய்யும்.

*

சோதனை என்பதே வாசிப்புதான். முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்ய மணிக்கணக்காகும். தளர்ந்த டிஸ்க்குக்கு மிச்சமிருப்பதே அந்த நேரமாக இருக்கலாம். அதை ஏன் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்? நகலுக்குக் கொடுத்தால் எங்கே பழுது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளின் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். சுலபமாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிடும். அடம்பிடிக்கும் இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்; தாண்டியதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களைச் சிறு சிறு துண்டாகக் கேட்கும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த வரைபடத்திலிருந்தே தொடரலாம்.

ராசிபுரத்தில் அத்தை வீட்டு டிஸ்க்கில் 197 ஏறத் தொடங்கியபோது, எது முக்கியம் என்று அவரிடமே கேட்டேன். "போட்டோ மட்டும் வந்தாப் போதும் கண்ணு. கணக்கெல்லாம் நோட்டுல இருக்குது" என்றார். அந்த போல்டரை முதலில் எடுத்துவிட்டு மற்றதை டிடிரெஸ்க்யூவிடம் விட்டேன். சத்தமில்லாமல் மெதுவாகிவரும் டிஸ்க்குக்கு இந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். சில வீடியோக்கள் வரவில்லை. போட்டோக்கள் வந்தன.

*

கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், பிழையில்லாததைவிட 39 மடங்கு அதிக வாய்ப்புடன் 60 நாட்களுக்குள் பழுதாகும் என்று அதில் கண்டார்கள். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டவில்லை. காதும் கணக்கும் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அவற்றுக்கு எட்டாத டிஸ்க்குகள் அவை.

அதனால் அத்தை வீட்டில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் கட்டும் நாளையே நகல் எடுக்கும் நாளாக வைத்திருக்கிறோம். வெளி டிஸ்க்குகள் இரண்டு. ஒன்று பீரோவில், ஒன்று சேலத்தில் மகள் வீட்டில். மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். எடுத்ததும் சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, நகல் டிஸ்க்கின் 5, 197 வரிசைகளையும் குறித்துக்கொள்கிறார்கள்.