ஆண்டெனா பார்த்த திசை

1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. தொண்ணூறுகளிலும் எங்க வீட்டு ஆண்டெனா திருவனந்தபுரத்தையே பார்த்து நின்றது. சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது. ஆனால் சென்னை எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. 1985-ல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய திருவனந்தபுரம் பக்கத்தில்.

"கொஞ்சம் மேக்க திருப்புலே" என்று அப்பா கத்துவார். செய்தியோ ஞாயிற்றுக்கிழமைப் படமோ, எதுவும் நமக்காக எடுத்ததில்லை. புரியாததை, திருவிதாங்கூர் காலத்தில் மலையாளம் படித்த பாட்டி சொல்லித் தருவாள்.

இன்று ஒருவருக்குப் பிடித்ததை மட்டும் அவர் திரையில் நிறுத்தும் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். யாரும் மாடியேற வேண்டாம். இது உதவி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அயலானோடு வாழ அவனைப் பிடித்திருக்க வேண்டியதில்லை. அவன் பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தாலே போதும். அந்தக் காதைத்தான் நான் அடைக்கிறேன்.