விவேகத்தோடு வாழும் இல்லறம்

அந்தமான் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியில், போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய 80 கி.மீ. வடக்கே, லாங் ஐலண்ட் என்னும் சிறு தீவு உள்ளது. (போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படுகிறது.) ரங்கத்துக்கு அருகிலுள்ள எரட்டா படகுத்துறையிலிருந்து படகேறி இத்தீவை அடையலாம். மரத்தொழில் ஒரு காலத்தில் இத்தீவுக்குச் சோறு போட்டது. அந்தமான் காடுகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதை 2002-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அக்காலத்தையொட்டி அத்தொழில் ஒடுங்கிற்று. பிழைப்பைத் தேடி ஆண்கள் கடல் கடந்து செல்வதும், பெண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் தனியே தாங்குவதும் தீவு வாழ்க்கையின் ஒரு பகுதி.

கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு ஓடாது. தாய்வீடு தமிழகத்தில் இருந்தால் அது இன்னும் தூரம். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேரவே சுமார் மூன்று நாட்களாகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனைவியின் உடலும் மனமும் மாறும்போது அவளுக்கு அருகே இருக்கும் முதல் மனிதர் யார்? அவளுடைய கணவரே. அவருக்கு அவளைப் புரியவில்லை என்றால், சுற்றிலும் கடல் சூழ்ந்த தீவுக்குள் அவள் இன்னொரு தீவாகிவிடுவாள். இந்த ஆபத்து தீவுகளில் மட்டும் இல்லை. சென்னையின் அடுக்குமாடி வீட்டிலும், வட இந்தியாவின் மிஷனெரிப் பணித்தளத்திலும் இதே தனிமை உண்டு.

ஏற்றமும் வற்றமும்

தீவில் வாழ்பவர் கடலோடு கோபித்துக்கொள்வதில்லை. நீர் வற்றியிருக்கும் வேளையில் படகைத் தள்ளிப் பார்த்துக் கடலைத் திட்டுகிறவர் அங்கே யாருமில்லை. ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று அறிந்து, அதற்கேற்பத் தம் வேலையை ஒழுங்கு செய்துகொள்கிறார். கடலைப் பற்றி இவ்வளவு அறிவைச் சேர்த்துக்கொள்ளும் ஒருவர், தம்மோடு ஒரே கூரையின்கீழ் வாழும் மனைவியின் உடலைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருபது ஆண்டுகளைக் கழித்துவிடுவது வியப்புக்குரியது.

அப்போஸ்தலனாகிய பேதுரு கணவர்களுக்குக் கொடுக்கும் கட்டளை இங்கேதான் தொடுகிறது (1 பேதுரு 3:7). மனைவியோடு அறிவுடன் வாழவேண்டும், அவளுக்குக் கனம் கொடுக்கவேண்டும் என்கிறார் அவர். அப்படிச் செய்யாவிட்டால் ஜெபங்களே தடைப்படும் என்றும் எச்சரிக்கிறார். அன்பு இருந்தால் போதும், அறிவு தேவையில்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. மனைவியை அறிந்துகொள்வது கணவருடைய ஜெப வாழ்க்கையோடு இணைக்கப்பட்ட கடமை.

மூன்று பருவங்கள்

பெண்ணின் உடலில் ஹார்மோன்கள் மாறும் பருவங்களில் மூன்றையாவது ஒவ்வொரு தம்பதியரும் அறிந்திருக்கவேண்டும்.

முதலாவது, மாதந்தோறும் வருவது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எரிச்சல், அழுகை, களைப்பு, தலைவலி ஆகியவை பல பெண்களுக்கு வருகின்றன. சிலருக்கு அவை அன்றாட வேலையையே முடக்கும் அளவுக்குக் கடுமையாகின்றன. அது மருத்துவரிடம் சொல்லத்தக்க நிலை.

இரண்டாவது, பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தையது. கர்ப்ப காலத்தில் மிக உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவை பிரசவமான சில நாட்களுக்குள் திடீரெனச் சரிகின்றன. முதல் இரு வாரங்களில் காரணமின்றி அழுகை வருவது பொதுவானது, தானே தணியவும் கூடியது. இரு வாரங்களைத் தாண்டியும் துக்கம் நீங்காமல், உறக்கமும் பசியும் கெட்டு, குழந்தையின்மேல் பற்று வராமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. ஐந்தில் ஒரு தாய் என்று கொள்ளலாம். சபையின் ஞாயிறு ஆராதனையில் கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்மாரை எண்ணிப் பார்த்தால் இதன் பாரம் விளங்கும்.

மூன்றாவது, மாதவிலக்கு நிற்கும் பருவம். இந்தியப் பெண்களுக்கு இது பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பகுதியில் வருகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிலக்கு வராதபோதுதான் அது முற்றிலும் நின்றது என்று மருத்துவர் கொள்வர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே உடல் திடீரெனக் கொதிப்பது, இரவில் வியர்த்து விழிப்பது, மறதி, படபடப்பு, தாம்பத்திய உறவில் வலி ஆகியவை தொடங்கலாம். பிள்ளைகள் மேற்படிப்புக்காக வீட்டைவிட்டுப் போவதும், பெற்றோர் முதுமையில் தளர்வதும் பலருக்கு இதே ஆண்டுகளில் நேரிடுவதால் சுமை இரட்டிக்கிறது.

இவற்றைப் பேசுவது வெட்கம் என்று சபை எண்ணவேண்டியதில்லை. சாராளுக்கு ஸ்திரீகளுக்குரிய வழக்கம் நின்றுபோயிருந்ததை ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம் மறைக்காமல் பதிவு செய்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணின் துயரத்தையும், வைத்தியத்துக்காக அவள் கையிலிருந்ததெல்லாம் செலவாகிப்போனதையும் மாற்கு 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவர் அந்தப் பெண்ணைத் தீட்டுள்ளவள் என்று விலக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை மகளென்று அழைத்துக் கனப்படுத்தினார்.

கண்ணீரைத் தவறாகப் படித்த இருவர்

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாள் அழுகிறாள், சாப்பிட மறுக்கிறாள். அவளுடைய துக்கத்தை இரண்டு நல்ல மனிதர்கள் தவறாகப் புரிந்துகொண்டனர். கணவனாகிய எல்க்கானா அவளை உண்மையாகவே நேசித்தான். ஆனாலும் ஏன் அழுகிறாய், ஏன் சாப்பிடவில்லை என்று அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பத்துக் குமாரரைவிடத் தான் மேலானவன் அல்லவா என்று முடித்துவிட்டான். அவள் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. ஆசாரியனாகிய ஏலியோ, உதடுகள் மட்டும் அசைவதைப் பார்த்து அவள் குடிவெறியில் இருப்பதாக எண்ணிக் கண்டித்தான்.

இந்த இருவரும் இன்றும் இருக்கிறார்கள். "உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கேட்கும் கணவர் எல்க்கானாவின் இடத்தில் நிற்கிறார். அவர் கேட்பது கேள்வி போலத் தோன்றினாலும் பதிலுக்கு அதில் இடமில்லை. தூக்கமிழந்து அழும் பெண்ணைப் பார்த்து, விசுவாசக் குறைவு என்றும், ஜெபக் குறைவு என்றும், சில இடங்களில் அசுத்த ஆவியின் கிரியை என்றும் தீர்ப்புச் சொல்லும் மூப்பர் ஏலியின் இடத்தில் நிற்கிறார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் நோயுற்ற ஒரு தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் கூட்டத்துக்குக் கூட்டம் அலையவைப்பது அவளுடைய உயிரையும் குழந்தையின் உயிரையும் பணயம் வைப்பதாகும். ஏலியிடம் மெச்சத்தக்க ஒன்று உண்டு. அன்னாள் தன் நிலையை எடுத்துச் சொன்னவுடன் அவன் தன் தீர்ப்பைக் கைவிட்டு அவளை ஆசீர்வதித்தான். அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை. காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதரால் இவ்வளவு நடந்தது.

அப்பமும் உறக்கமும்

கர்மேல் மலையில் அக்கினியை வருவித்த எலியா, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறான் (1 இராஜாக்கள் 19). தேவன் அவனுக்கு முதலில் அனுப்பியது பிரசங்கத்தை அல்ல. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். அவன் உண்டு மறுபடியும் உறங்கினான். மீண்டும் எழுப்பி மீண்டும் உணவளித்தான். அதற்குப் பின்பே மலையும் மெல்லிய சத்தமும் வந்தன. மனம் சோர்ந்த தேவ மனிதனுக்கு உடலின் தேவையை முதலில் சந்தித்த கர்த்தர், சோர்ந்த மனைவிக்குக் கணவர் செய்யவேண்டியதையும் அதிலே காட்டியிருக்கிறார். மனைவியைத் தன் சொந்த உடலைப் போலப் போஷித்துக் காப்பாற்றும்படி எபேசியர் 5-ஆம் அதிகாரம் சொல்வதும் இதுவே. இரவில் அழும் குழந்தையை ஒரு மணி நேரம் தூக்கிக்கொண்டு, தாயை உறங்கவிடும் கணவர் அந்த வசனத்தை நிறைவேற்றுகிறார்.

மௌனத்தின் விலை

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, அமெரிக்க மிஷனெரி மருத்துவரின் மகளாகிய ஐடா ஸ்கட்டரின் கதவைத் தட்டினர். மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தனர். பெண் மருத்துவர் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். ஐடா அப்போது மருத்துவம் பயின்றவரல்லர். அவருடைய தந்தையார் வருவதாகச் சொல்லியும், ஆண் மருத்துவர் தங்கள் மனைவியைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். அந்த இரவே ஐடாவின் அழைப்பாயிற்று. 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பிவந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

அந்த மூவரும் கொடியவரல்லர். இரவில் உதவி தேடி ஓடிவந்தவர்கள்தாம். பெண்ணின் உடலைப் பற்றிய வெட்கம் அவர்களுடைய அன்பை முந்திக்கொண்டது. இன்று மருத்துவமனைகள் பெருகிவிட்டன. ஆயினும் வலியைக் கணவரிடம் சொல்ல வெட்கப்படும் மனைவியும், மனைவியின் நோயை மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படும் கணவரும் குறையவில்லை.

இருவருக்கும் உரிய கடமைகள்

கணவர் செய்யவேண்டியவை: மனைவி பேசும்போது உடனே தீர்வு சொல்லாமல் முழுதும் கேட்கவேண்டும். அவளுடைய கடினமான நாட்களை அறிந்து, விருந்தினரை அழைப்பதையும் பெரிய முடிவுகளையும் தள்ளிவைக்கலாம். தாம்பத்திய உறவில் வலியோ விருப்பமின்மையோ இருந்தால் வற்புறுத்தலாகாது. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரம் இருவருடைய சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அதை ஒருவருடைய உரிமைச் சீட்டாக எடுத்துக்காட்டுவது வேதத்தைப் புரட்டுவதாகும். மேலும், மனைவியின் ஒவ்வொரு கோபத்தையும் ஹார்மோன் மேல் சுமத்தித் தப்பிக்கலாகாது. குடும்பச் செலவுக்குப் பணம் தராத கணவரிடம் அவள் கோபித்தால், அது உடலின் மாற்றம் அன்று, நியாயத்தின் குரல்.

மனைவி செய்யவேண்டியவை: கணவர் தானே கண்டுகொள்ளட்டும் என்று காத்திருக்கவேண்டாம். எது வலிக்கிறது, எது பயமுறுத்துகிறது என்று அமைதியான வேளையில் சொல்லவேண்டும். உடல் மாற்றம் கண்ணீருக்கு விளக்கமாகலாம். பிள்ளைகளைப் புண்படுத்தும் சொல்லுக்கு அது அனுமதியாகாது. அப்படி ஒரு சொல் வந்துவிட்டால், மன்னிப்புக் கேட்பதில் சிறுமை ஒன்றுமில்லை.

கணவரின் உடலும் மாறுகிறது. வயது ஏற ஏற ஆண்களின் ஹார்மோன் அளவும் மெல்லக் குறைகிறது. வேலை இழப்பும், ஓய்வுபெறும் அச்சமும் சேரும்போது அவர் எரிச்சலிலோ, மதுவிலோ, பேச்சின்மையிலோ ஒளிந்துகொள்ளலாம். அப்போது தாங்குவது மனைவியின் முறை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கலாத்தியர் 6:2 சொல்வது இல்லறத்தில்தான் முதலில் கைக்கொள்ளப்படவேண்டும்.

மருத்துவ உதவியைத் தாமதிக்கலாகாத நிலைகளும் உண்டு. மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் தோன்றினால் கட்டாயம் பரிசோதிக்கவேண்டும். தீராத களைப்புக்கும் சோர்வுக்கும் இரத்தச்சோகையோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும். பிள்ளை பெற்ற தாய் தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணத்தைச் சொன்னால், அல்லது இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால், அவளை ஒரு நொடியும் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். படகு ஓடாத நாளிலும் தீவிலுள்ள ஒரு கணவர் தம் மனைவிக்காக இந்த எண்ணை அழைக்க முடியும். மருந்து உட்கொள்வது விசுவாசத்தை மறுதலிப்பதாகாது. பவுலின் உடன்வேலையாளரான லூக்கா ஒரு வைத்தியர் என்பதை விசுவாசிகள் மறக்கவேண்டாம்.

பிரியமான குடும்பங்களே, இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்தபின் பிள்ளைகள் உறங்கட்டும். கணவர் தம் மனைவியிடம், "உன் உடல் எப்படி இருக்கிறது? உன் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கட்டும். கேட்டபின் மௌனமாயிருந்து செவிகொடுக்கட்டும். மனைவியும் அவ்வாறே கேட்கட்டும். அன்னாளின் அசையும் உதடுகளைக் கண்டு, சத்தமில்லாத ஜெபத்தைக் கேட்ட கர்த்தர், அந்த உரையாடலையும் கேட்பார்.