சிலந்திக்கு எத்தனை அறிவு?

உயிர்களைப் புலனறிவைக் கொண்டு வகைப்படுத்துவது தமிழ் மரபின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறாக வகுக்கிறது. உடம்பால் தொட்டறிவது முதல் அறிவு. அதன்மேல் நாவின் சுவை, மூக்கின் மணம், கண்ணின் காட்சி, செவியின் ஓசை என ஒவ்வொன்றாகக் கூடி, மனத்தோடு ஆறு நிறைகிறது. புல்லும் மரமும் ஓரறிவு பெறும்; கறையானும் எறும்பும் மூவறிவு பெறும்; நண்டும் தும்பியும் நான்கறிவு பெறும். சிலந்தியின் பெயர் இந்த வரிசையில் இல்லை.

சேலமும் நாமக்கல்லும் உள்ளிட்ட கொங்கு நாட்டில் தோன்றியதாகப் போற்றப்படும் தமிழ் இலக்கண நூலான நன்னூலும் இதே ஏணியைக் காட்டுகிறது. அதை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இன்றைய ஈரோடு மாவட்டத்துச் சீனாபுரம் அவருடைய ஊராகக் கருதப்படுகிறது. நன்னூல் ஐந்தறிவோடு நின்றுவிடுகிறது. வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை எல்லாம் அதில் ஒரே படியில் நிற்கின்றன. சமண மெய்யியலில் மனம் ஆறாவது பொறியாக எண்ணப்படாததே காரணம். ஐம்பொறி உயிர்களையே மனமுள்ளவை, மனமற்றவை என அது இரண்டாகப் பிரிக்கும். சிலந்தியையும் தேளையும் சமண மரபு செவியில்லாத நான்கு பொறி உயிர்களோடு சேர்க்கும். ஆகவே அவற்றுக்கு மனமும் இல்லை என்றாகிறது.

இந்த வகைப்பாட்டின் நோக்கம் அறம். ஓரறிவு உயிருக்கு நான்கு பிராணன்கள் (உயிராற்றல்கள்), நான்கறிவு உயிருக்கு எட்டு, மனமுள்ள ஐயறிவு உயிருக்குப் பத்து எனச் சமணம் கணக்கிடும். பிராணன் கூடக் கூட, அதைக் கொல்வதன் வினையும் கூடும். இல்லறத்தார் ஈரறிவு முதலான நடமாடும் உயிர்களை வேண்டுமென்று கொல்லக் கூடாது. துறவியர் ஓரறிவு உயிரையும் காக்க வேண்டும். அப்படியானால் ஓர் உயிர் எந்தப் படியில் நிற்கிறது என்பது அறத்தைத் தொடும் கேள்வியாகிறது. பொறிகளின் எண்ணிக்கை அறிவின் அளவைக் காட்டுமா என்பதைச் சோதித்துப் பார்க்கச் சிலந்தியைவிடப் பொருத்தமான உயிர் அரிது.

சேலம் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு பெரிய மயிர்ச்சிலந்தியை 1899இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரெஜினால்டு இன்னஸ் போகாக் பொசிலோதீரியா ஃபார்மோசா எனப் பெயரிட்டு விவரித்தார். இது மரப்பொந்தில் ஒளிந்திருந்து இரவில் இரை பிடிப்பது. எட்டுக் கண்கள் இருந்தும் மயிர்ச்சிலந்திகளுக்குப் பார்வை மங்கல். அவற்றின் உலகம் பெரும்பாலும் கால் மயிர்களிலும், தோலோட்டில் உள்ள நுண்ணிய பிளவுகளிலும் அடங்கியிருக்கிறது. தோலோடு மிகச் சிறிதளவு வளைந்தாலும் அந்தப் பிளவுகள் அதை உணரும். நடு அமெரிக்கக் காட்டுச் சிலந்தியான குப்பியென்னியஸ் சலேய் உடலில் இத்தகைய பிளவுகள் 3,000க்கும் மேல் உள்ளன. காற்றின் மெல்லிய அசைவைப் பிடிக்கும் தனி மயிர்களும் உண்டு.

சுவையும் வாயில் அடங்கவில்லை. கால்களிலும் உணர்கால்களிலும் உள்ள நுனி திறந்த மயிர்களால், நடக்கும்போதே தரையையும் இழையையும் சிலந்தி சுவைக்கிறது. மணத்தை அது எதனால் அறிகிறது என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. 2025இல் வெளியான ஆய்வொன்று, ஆர்ஜியோப் புருனிக்கி ஆண் சிலந்தியின் கால்களில் நுண்துளை கொண்ட மயிர்கள் இருப்பதையும், பெண் விடும் மணத்தை அவை உணர்வதையும் காட்டியது. பார்வையிலோ தாவும் சிலந்திகள் மற்றவற்றை விஞ்சுகின்றன. பகலில் சுவரில் ஈயைத் துரத்தும் அவற்றின் முன்கண்கள் நுணுக்கமான உருவத்தையும் பிரித்தறியும்.

செவிதான் சிக்கலான இடம். சிலந்திக்குக் காது கிடையாது. ஆயினும் 2016இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாவும் சிலந்தி ஒன்று மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஓசைக்கும் விடையளிப்பதை அதன் மூளை நரம்புகளில் பதிவு செய்தனர். வட்டவலைச் சிலந்தியொன்று தன் வலையையே செவிப்பறையாகக் கொண்டு காற்றில் வரும் ஒலியைக் கேட்பதாக 2022இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

இங்கே மெய்யியல் கேள்வி கூர்மை பெறுகிறது. பொறி என்பது கருவி. புலன் என்பது அக்கருவி பற்றும் பொருள். பொறியைக் கொண்டு எண்ணினால் சிலந்தி செவியற்ற நான்கறிவு உயிர்தான். ஓசை என்னும் புலனைக் கொண்டு எண்ணினால் அது ஐந்தறிவு பெற்றுவிடும். அந்த ஓசையும் தொடு அறிவின் வழியாகவே அதற்குக் கிடைக்கிறது. ஏணியின் அடிப்படியில் வைக்கப்பட்ட அறிவு, மேற்படியின் வேலையையும் செய்துவிடுகிறது.

துணை தேடும் நடத்தையில் இது இன்னும் தெளிவாகும். கொங்குச் சமவெளியின் வேலிகளிலும் புதர்களிலும், வலை நடுவே பெருக்கல் குறிபோல் வெண்பட்டு இழைக்கும் ஆர்ஜியோப் சிலந்திகளைக் காணலாம். ஆண் மிகச் சிறியது. பெண்ணுக்கு அது இரையாகவும் கூடும். அதனால் ஆண் பெண்ணின் வலையில் ஓர் இழையைக் கட்டி, அதை மீட்டி அதிரச் செய்கிறது. சிக்கிய பூச்சியின் துடிப்பிலிருந்து அந்த அதிர்வு வேறுபட்டால்தான் அது பிழைக்கும். ஓநாய்ச் சிலந்தி ஆண் உலர்ந்த சருகின்மேல் உணர்கால்களால் தட்டுகிறது. மயிர்ச்சிலந்திகளில் ஆணின் தட்டலுக்குப் பெண்ணும் தட்டி விடை தருவதுண்டு. தாவும் சிலந்தியோ கால்களை உயர்த்தி ஆடுகிறது. சொல் இல்லாமலே இங்கே அழைப்பும் ஒப்புதலும் மறுப்பும் நடக்கின்றன.

அறிவு பொறிகளின் எண்ணிக்கையில் அடங்குவதில்லை என்பதற்குச் சிலந்தியின் உறவினங்களும் சான்று. தேளின் வயிற்றடியில் சீப்பு வடிவ உறுப்பு ஒன்று உண்டு. மண்ணில் படிந்த வேதித் தடங்களை அது அறிகிறது. ஆண் தேள் பெண்ணின் இடுக்கிகளைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, ஏற்ற தரையைக் கண்டபின் விந்துப் பொதியை அங்கே நடுகிறது. மாட்டின் உடலில் ஒட்டும் உண்ணியும் இந்த இனமே. ஜெர்மானிய உயிரியலாளர் யாக்கோப் ஃபான் யுக்ஸ்க்யுல் 1934இல் உண்ணியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். விலங்கின் வியர்வை மணம், தோல் மயிரின் தொடுகை, உடல் வெப்பம் ஆகிய மூன்றே உண்ணியின் உலகம் என்றார். அவ்வுலகம் சிறியது, ஆனால் உண்ணிக்கு அதில் குறை எதுவும் இல்லை. ஒவ்வோர் உயிரும் தனக்கான முழு உலகில் வாழ்கிறது என்பது அவர் முடிவு.

மனம் பற்றிய கேள்வி எஞ்சுகிறது. தென்னாசியாவிலும் வாழும் போர்ஷியா என்னும் தாவும் சிலந்தி பிற சிலந்திகளை உண்பது. இரையின் வலையை விதவிதமாக மீட்டிப் பார்த்து, எது பலிக்கிறதோ அதையே தொடரும். இரை கண்ணுக்கு மறைந்துபோகும் சுற்றுவழியையும் தேர்ந்து செல்லும். வேறொரு தாவும் சிலந்தியின் உறக்கத்தில், மனிதர் கனவு காணும் நிலையை ஒத்த கண்ணசைவு 2022இல் பதிவானது. சிலந்தியின் அறிவில் வலையும் ஒரு பகுதி என்று ஜப்யாசு, லாலண்டு ஆகிய இரு ஆய்வாளர்களும் 2017இல் வாதிட்டனர். இவற்றால் சிலந்திக்கு மனம் உண்டென்று நிறுவ முடியாது. மனமே இல்லை என்று உறுதியாக மறுப்பதையும் இவை கடினமாக்கிவிட்டன. தொல்காப்பிய உரை மரபும் விலங்குகளில் ஒரு சாராருக்கு ஆறாம் அறிவு உண்டு என்ற கருத்துக்கு இடம் தருகிறது.

சைவம் வேறு வழியில் செல்கிறது. திருவானைக்காவில் இலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி வலையால் பந்தலிட்ட சிலந்தி, மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகி நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவரானதாகப் பெரிய புராணம் கூறும். சைவ சித்தாந்தத்தில் பொறிகளும் மனமும் கருவிகளே, அறிவது உயிர். கருவி குறைந்த உடம்பில் தங்கியிருந்தாலும் உயிரின் தகுதி குறைவதில்லை.

ஆக, பொறிகளை எண்ணி அடுக்கும் ஏணி அறிவின் உயரத்தை அளக்கப் போதாது. அதே ஏணியின் அறக் கருத்து வலுவாகவே நிற்கிறது; தொடு அறிவு ஒன்றே இருந்தாலும் அந்த உயிர் காக்கப்பட வேண்டியது என்பதே அதன் அடிப்படை. அந்தத் தொடு அறிவால் கேட்டும் பேசியும் துணை தேடியும் வாழும் சேலத்து மயிர்ச்சிலந்தி இன்று அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் பேரினம் முழுவதும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது. அது வாழும் பொந்துள்ள முதிய மரங்களை விட்டுவைப்பதே அதற்கு மனிதர் செய்யக்கூடிய முதல் அறம்.