பசியும் இல்லை, பிரியமும் இல்லை

பாண்டவர்களுக்காகத் தூது புறப்பட்ட கண்ணனுக்கு வழியில் காத்திருந்த உபசாரத்தை மகாபாரதத்தின் உத்தியோக பர்வம் விவரமாகவே சொல்கிறது. துரியோதனன் வழிநெடுக மண்டபங்கள் எழுப்பினான். விதவிதமான ஆசனங்கள், வாசனைத் திரவியங்கள், ருசியான அன்னபானங்கள். விருகஸ்தலம் என்ற ஊரில் அமைத்த மண்டபம் எல்லாவற்றையும்விட ஆடம்பரம். அவற்றைத் திரும்பியும் பாராமல் கண்ணன் அஸ்தினாபுரம் போய்ச் சேர்ந்தான்.

அங்கே துரியோதனன் நேரிலேயே சாப்பிட அழைத்தான். கண்ணன் மறுத்தான். ஏன் என்று விடாமல் கேட்டபோது வந்த பதில், இன்றைக்கும் எந்தப் பந்திக்கும் பொருந்தும். பிறர் தரும் சோற்றை இரண்டே காரணத்துக்காகச் சாப்பிடலாம். ஒன்று, இடுகிறவரின் பிரியம். மற்றது, சாப்பிடுகிறவரின் கஷ்டம். துரியோதனனுக்குப் பிரியம் இல்லை. கண்ணனுக்குக் கஷ்டம் இல்லை. பிறகு எதற்கு இலை? நேராக விதுரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

இப்போது ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் போய்ப் பார்ப்போம். கல்யாண நாளுக்காக ஒரு குடும்பம் டேபிள் ரிசர்வ் செய்து வந்திருக்கிறது. சாயங்காலமே பஜ்ஜியும் காபியும் ஆகிவிட்டதால் பசி வீட்டோடு நின்றுவிட்டது. மங்கலான வெளிச்சத்தில் மெனு கார்டைப் படிக்க அப்பா செல்போன் டார்ச்சைத் தட்டுகிறார். முதலில் விலையைப் பார்க்கிறார். பிறகுதான் பதார்த்தத்தின் பெயருக்கு வருகிறார். அரைமணி கழித்து அகலமான வெள்ளைத் தட்டு வருகிறது. நடுவே ஒரே ஒரு காளான். சுற்றிலும் பச்சை நிறத்தில் நாலு சொட்டுச் சட்னி. மகன் படம் எடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. “நம்ம வீட்டுக் குருமாவே தேவலை” என்கிறார் அம்மா. அதோடு பேச்சு நின்றுபோகிறது.

உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கண்ணன் சொன்ன இரண்டில் ஒன்றுகூட அந்த மேசையில் இல்லை, அவ்வளவுதான்.

பில் வந்தது. கடைசி வரிகளில் சர்வீஸ் சார்ஜ். இதை ஹோட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மனம் உவந்து தருவதை வற்புறுத்தி வாங்கக் கூடாது என்று சாஸ்திரம் மட்டுமா, சட்டமும்தான் சொல்கிறது!

பிரியமும் பசியும் ஒரே வீட்டில் கூடினால் எப்படி இருக்கும்? பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் இளையான்குடி மாறநாயனார் வீட்டில் பார்க்கலாம். நள்ளிரவு, கொட்டும் மழை. அடியார் வேடத்தில் சிவபெருமான் வாசலில் நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. மனைவி சொன்ன யோசனைப்படி நாயனார் இருட்டில் வயலுக்குப் போய், பகலில் விதைத்த நெல்லையே கூடையில் வாரிக்கொண்டு வருகிறார். விறகு இல்லை, வீட்டுக் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தருகிறார். அந்த அம்மையார் ஈர நெல்லை வறுத்துக் குத்தி அரிசியாக்கிச் சோறு வடிக்கிறார். கறிக்கு என்ன செய்வது? தோட்டத்தில் பறித்து வந்த இளங்கீரை ஒன்றே. அதை வைத்தே வெவ்வேறு கறியமுதாகப் பல வகை சமைத்துவிடுகிறார். அன்பு இருக்கிறதே என்று சமையலில் அவர் அலட்சியம் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடையதும் பெரிய கைத்திறன்தான்.

அதனால் நட்சத்திர ஹோட்டல் என்றாலே வறட்சி என்று முடிவு கட்டவும் கூடாது. இத்தாலியின் மொதெனா நகரில் மாஸ்ஸிமோ பொத்தூரா நடத்தும் உணவகம் மிஷலின் மூன்று நட்சத்திரம் பெற்றது. உலகின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2016-லும் 2018-லும் முதலிடம். அதே பொத்தூரா 2015-ல் மிலன் உலகக் கண்காட்சி நடந்தபோது, பயன்படாமல் கிடந்த ஒரு பழைய நாடக அரங்கைச் சாப்பாட்டுக் கூடமாக மாற்றினார். கண்காட்சியில் மீந்த ரொட்டியையும் காய்கறியையும் வைத்துப் பெயர்பெற்ற சமையற்கலைஞர்கள் அங்கே வந்து சமைத்தார்கள். சாப்பிட்டவர்கள் வீடற்றவர்களும் அகதிகளும். மொதெனாவில் காட்டிய அதே திறமைதான் மிலனிலும் பரிமாறப்பட்டது. எதிரே பசி உட்கார்ந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்கார யாரும் ரிசர்வ் செய்வதில்லை.

இனி நட்சத்திர ஹோட்டலுக்கே போகக் கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். சாயங்காலப் பஜ்ஜியை மட்டும் ஒருநாள் தள்ளி வைத்துவிட்டுப் போகலாம். ராத்திரி 10 மணிக்குக் கழுத்துப் பட்டையோடு நின்று பரிமாறுகிற அந்தப் பையனை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கலாம். தெருவில் எதிர்ப்படுகிறவரை எல்லாம் “சாப்பிட்டாச்சா?” என்று விசாரிக்கிற நம் ஜனங்கள், தட்டும் கையுமாக நிற்கிற அவனிடம் மட்டும் அதைக் கேட்பதில்லை. அடுத்த தடவை பில் வருவதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்.