செப்பனிடுவோனின் கடன்

பழுதுபட்ட பொருள் ஒன்றைக் கண்டவுடன் அதைப் புதிதாக்கிவிட வேண்டுமென்று கை துடிப்பது மனித இயல்பு. களிம்பேறிய செம்பைப் புளியிட்டுத் துலக்குகிறோம். நிறம் மங்கிய சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம். தூய்மையை வணக்கத்தின் வாயிலாகக் கொண்டவர்கள் நாம். ஆகவே இதில் குறைகாண எவரும் துணியார். ஆயினும், காலத்தால் முதிர்ந்த பொருள் ஒன்று நம் கைக்கு வரும்போது ஒரு வினா எழுகிறது. அதனை அழகாக்குவது நம் கடமையா? அதன் உண்மையைக் காப்பது நம் கடமையா? இரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று என்பதை ஒரு காசும் ஓர் ஏடும் எனக்குக் கற்பித்தன.

கறம்பக்குடியில் என் இளமைப் பருவத்தில், கிணற்றடி மண்ணைக் கிளறியபோது சிறிய செப்புக்காசு ஒன்று கிடைத்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு அது. அக்காசின் ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும், மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் இருக்கும். புளியும் செங்கற்பொடியும் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் அதைத் தேய்த்தேன். மாலையில் காசு புதுச்செம்பாய் மின்னியது, எழுத்தோ மறைந்துவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மினுக்கம் வந்துவிட்டது, காசு போய்விட்டதே!" என்றார்கள்.

செம்பின்மேல் படிந்த பச்சை எல்லாம் அழுக்கன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். மண்ணுக்குள் ஈரத்தோடும் காற்றோடும் கூடிச் செம்பே அவ்வாறு மாறுகிறது. பல வேளைகளில் பழைய எழுத்தின் வடிவம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். அதைச் சுரண்டினால் எழுத்தும் உடன்போகும். உப்புச்சத்துச் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாய் உதிரும் களிம்போ வேறு. அது நோய், ஈரம் படாமல் வைத்து மருந்து செய்யாவிடின் பொருளையே தின்றுவிடும். எது காப்பு, எது நோய் எனப் பிரித்தறிவதே இக்கலையின் முதற்பாடம்.

இத்தகைய பணிக்கென்றே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டு வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பெற்றது. அறிஞர் எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையால் பழைய செப்புப் படிமங்களின் களிம்பை நீக்கினார். அந்நாளில் பெரிதும் போற்றப்பட்ட அம்முறை, மேற்பரப்பின் நுண்ணிய சுவடுகளையும் நீக்கிவிடக்கூடும் என்பதால் இன்று தயக்கத்துடனேயே கையாளப்படுகிறது. கற்றறிந்தோர் செய்ததே பிற்காலத்தில் மறு ஆய்வுக்கு உள்ளாகுமெனில், ஓய்வுநேரக் கலையாக இதில் இறங்கும் நம் போன்றோர் எவ்வளவு அஞ்ச வேண்டும்! பின்னால் வருபவர் விலக்கிக்கொள்ள இயலாத எதையும் செய்யாதிருப்பதே நமக்குரிய அடக்கம்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898-ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. அதில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. ஜி. எஃப். ஹில் என்ற ஆங்கில நாணயவியலறிஞர் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் ஈறாகப் பேரரசர் பலரின் முகங்கள் அவற்றில் இருந்தன. அம்முகங்களில் பெரும்பாலானவற்றின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பும் இருந்தது. மீண்டும் நாணயமாக வழங்காமல் வெறும் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினர் என்பர் சிலர். பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பர் வேறு சிலர்.

தேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் அந்த வெட்டைப் பொன்னால் நிரப்பி, முகத்தை முழுமையாக்கியிருந்தால் என்னவாகும்? காசு அழகு பெற்றிருக்கும். அது சொல்ல வந்த சேதி அழிந்திருக்கும். உரோமப் பேரரசரின் முகம் வேறு காசுகளிலும் உண்டு. பெயர் தெரியாத ஒருவன் உளியைப் பிடித்து, அயல்நாட்டுப் பொன்னைத் தன் நாட்டு வழக்கிற்கு உட்படுத்திய செய்தியை அந்தத் தழும்பு ஒன்றே சொல்கிறது. நாம் குறையென்று கருதுவதே அங்குச் சான்றாக நிற்கிறது. பழங்கட்டடங்களைக் காப்பது குறித்து 1964-இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனமும், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே செப்பனிடல் நின்றுவிட வேண்டும் என்றே கூறுகிறது.

பிறருடைய பொன்னைப்பற்றி இவ்வாறு தீர்ப்புச் சொல்வது எளிது. சோதனை என் வீட்டிலேயே வந்தது.

பாட்டனார் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடு ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டிய மையால் எழுதப்பட்டது. அன்னபேதியிலுள்ள இரும்பு நாளடைவில் தாளை அரித்துவிடும். எழுத்துள்ள இடமெல்லாம் இற்றிருந்தது. ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. மென்மையான தூரிகையால் தூசியை அகற்றி, பஞ்சுநுனியை நனைத்து மை கரைகிறதா என்று ஓர் எழுத்தின் விளிம்பில் சோதித்தபின், நீர்த்தன்மை குறைந்த கோதுமைப் பசையும் மெல்லிய தாளும் கொண்டு ஒட்டலானேன். அந்தப் பசையை நாளை ஒருவர் சிறிது ஈரத்தால் நீக்கிக்கொள்ளலாம். கடையில் விற்கும் ஒட்டுநாடாவோ மஞ்சளாகித் தாளைக் கறைப்படுத்திவிடும். ஓர் இரவுக்கு ஒரு தாள். அதற்குமேல் கை ஓடாது.

ஒரு தாளின் ஓரத்தில், பாடத்தோடு தொடர்பில்லாத நான்கு வரிகள் இருந்தன. கடல்கடந்த வாணிபத்திற்காகத் தம் தங்கையின் நகைகளை வாங்கியதாகவும், அவற்றைத் திருப்பித் தருவது தம்மேல் உள்ள கடன் என்றும் பாட்டனார் எழுதியிருந்தார். தீர்த்ததாக ஏடு முழுவதிலும் ஒரு சொல் இல்லை.

பெரியத்தாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "ஓரந்தான் அரித்துப் போய்விட்டதே தம்பி, நறுக்கிவிட்டு ஒட்டினால் ஏடு ஒழுங்காயிருக்குமே" என்றார்கள். அவர்கள் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. புத்தகம் கட்டுபவர் எவரும் ஓரத்தை நறுக்கித்தான் கட்டுவார். கத்தரிக்கோலும் என் பக்கத்திலேயே இருந்தது.

பெரியத்தாவின் எண்ணத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மறைந்தவர்களின் குறையைப் பேசாதிருத்தல் நம் மார்க்கம் போற்றும் பண்பன்றோ? அன்றிரவு உறக்கமின்றி எண்ணிப் பார்த்தேன். குறையை மறைப்பது வேறு. பிறருக்குரிய உரிமையை மறைப்பது வேறு. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். அதற்கும் மேலாக ஒன்று: அந்த வரிகளை எழுதியவர் பகைவர் அல்லர், பாட்டனாரே எழுதினார். மறக்கப்படலாகாது என்றுதான் எழுதினார். அந்த ஓரம் அவருக்கு இழுக்கன்று. அவருடைய நேர்மை அங்கேதான் எழுத்தாய் இருந்தது. அதை நறுக்கினால், அவர் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவரை நாமே பொய்யராக்கியவர்களாவோம்.

மறுநாள் இதைப் பெரியத்தாவிடம் சொன்னேன். மறுமொழி இல்லை. ஓரத்தை அப்படியே வைத்து ஒட்டினேன். ஒட்டுத்தாளின் நிறம் பழைய தாளோடு சிறிது மாறுபட்டே இருக்கும்படி விட்டேன்; எது பழையது, எது என் கைவேலை என்பது காண்போருக்குத் தெரிய வேண்டுமல்லவா? ஏடு முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் பெரியத்தாவே என்னை அழைத்துக்கொண்டு அந்தத் தங்கையின் பேரர்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அவ்வீட்டின் மூத்த பெண்மணி அந்த நான்கு வரிகளையும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "எங்கள் பாட்டி இதைச் சொல்லிச் சொல்லியே மவுத்தானார்கள். யாரும் நம்பவில்லை" என்று மட்டும் சொன்னார். கடனைத் தீர்க்கும் வகையை இரு குடும்பத்தாரும் அமர்ந்து பேசி முடித்தோம். ஆனால், அன்று அவர்களுக்கு நாங்கள் முதலில் திருப்பிக் கொடுத்தது நகையை அன்று. அந்தப் பாட்டியின் சொல்லையே.

நம் இல்லங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் இத்தகைய ஏடுகள் இன்னும் கிடக்கின்றன. பழம்பொருள் நம் உடைமையன்று. முன்னோர் நம் கையில் வைத்துச் சென்ற அமானிதம். அமானிதத்தை ஏற்றவன் அதற்கு மெருகேற்ற வேண்டியதில்லை. குறைக்காமல் ஒப்படைத்தால் போதும். பொறுமை என்பது ஒரு தாளோடு ஓர் இரவைக் கழிப்பது மட்டுமன்று. நமக்குப் பிடிக்காத ஒரு வரியை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதும் பொறுமைதான்.

எழுத்தழிந்த அந்த அம்மன் காசு இன்றும் என்னிடம் உண்டு. ஏடு ஒன்றைப் பிரிக்குமுன் அதை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன்.