ரயில் வருகிறது, பக்கத்து வீட்டார் எங்கே போவார்?



ஒருவரை அநியாயமாக வீட்டை விட்டுத் துரத்துவது பாவம். இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், "வெளியே போ" என்று யாருமே சொல்லாமல் ஒரு குடும்பம் வெளியேற நேர்ந்தால், அதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகரை ஒட்டி 'பர்ப்பிள் லைன்' என்ற இலகு ரயில் பாதை அமைக்கப்படுகிறது. 16 மைல் நீளம், 21 நிலையங்கள். 2017இல் வேலை தொடங்கியது. வழியில் உள்ள லாங்லி பார்க் பகுதியில், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் பழைய அடுக்குமாடிகளில் வாடகைக்கு வாழ்கின்றன. ரயில் அவர்களுக்குத்தான் மிகவும் தேவை. ஆனால் நிலையம் வந்தால் நிலத்தின் விலை ஏறும். கூடவே வாடகையும் ஏறும். தூசியையும் சத்தத்தையும் பல வருடங்கள் பொறுத்துக்கொண்டவர், ரயில் ஓடும் நாளில் அங்கே இருக்க முடியாமல் போகலாம்.

"என் கட்டடம், நான் சொல்வதுதான் வாடகை. இதில் என்ன தவறு?" என்று உரிமையாளர் கேட்கலாம். மார்க்கம் சொத்துரிமையை மதிக்கிறது. மஸ்ஜிதுந் நபவீ எழுந்த இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. இலவசமாகத் தர முன்வந்தபோதும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் வீடாகவே இருந்தாலும், அதன் செலவு எளியவர் தலையில் விழக் கூடாது!

அதே மார்க்கம் சொத்துரிமைக்கு எல்லையும் வைத்தது. அதுதான் 'ஷுஃப்ஆ'. நிலத்தின் பங்கை ஒருவர் விற்றால், அதை வாங்கும் முன்னுரிமை பங்காளிக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் அந்த உரிமை உண்டு. வாடகைக்காரருக்கு ஷுஃப்ஆ இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: விற்பனை என்பது விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரின் விவகாரம் மட்டுமல்ல.

இதற்கு நெருங்கிய சட்டம் ஒன்று அந்தப் பாதை செல்லும் மாண்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறது. வாடகை அடுக்குமாடியை விற்பவர், வாங்கும் வாய்ப்பை முதலில் கவுண்டிக்கும், அதன் வீட்டுவசதி ஆணையத்துக்கும், குடியிருப்போர் சங்கத்துக்கும் தர வேண்டும். உரிமையாளருக்கு உரிய விலை கிடைக்கும். குடும்பங்கள் கட்டுப்படியாகும் வாடகையில் தொடர்ந்து வாழவும் வழி பிறக்கும்.

ஆனால் வாங்குவதற்குப் பணம் தயாராக இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். ரயில் ஓடத் தொடங்கி விலை ஏறிய பிறகு, அதே பணத்துக்குச் சில வீடுகள்தான் கிடைக்கும். எனவே தண்டவாளத்துக்கு நிதி ஒதுக்கும் நாளிலேயே வீடுகளுக்கும் ஒதுக்க வேண்டும். காலம் கடந்து காட்டும் இரக்கம், வெளியேறியவரைத் திரும்பக் கொண்டுவராது.

சகோதரர்களே! உங்கள் தெருவுக்கு ஒரு நல்லது வரும்போது, உங்கள் வீட்டு விலை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவதற்கு முன், பக்கத்து வாடகை வீட்டின் கதவைத் தட்டுங்கள். "நீங்கள் இங்கேயே இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். வாடகைக்கு விடுபவராக இருந்தால், அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரின் ஹக்கை அறிந்து நிறைவேற்றும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.